முதல் கேமராவைப் பத்திரமாகப் பீரோவில் சேர்ப்பது எப்படி?

தூத்துக்குடியில் ஒருவர் முதன்முதலாக டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கினால், அது பட்டுப்புடவைக்கும் நகைப்பெட்டிக்கும் நடுவே பீரோவில் போய் உட்கார ஆறு மாதம் போதும். கெட்டிக்காரர்கள் மூன்றே மாதத்தில் சேர்த்துவிடுகிறார்கள். விவரம் தெரியாத சிலர்தான் ஆண்டுக்கணக்கில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரேஸ்புரத்துக்கும் முள்ளக்காட்டுக்கும் மணப்பாட்டுக்கும் அலைகிறார்கள். படம்கூட எடுத்துவிடுகிறார்கள். அப்படி யாரும் வழிதவறிப் போகாமல், கடையிலிருந்து பீரோ வரை கேமராவை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் முறைகளைக் கீழே தருகிறேன்.

எந்தக் கேமரா என்று முடிவு செய்ய ஒரு மீன்பிடித் தடைக்காலம் முழுவதையும் ஒதுக்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். சிலவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள். யாருக்கும் அவசரம் இருக்காது; பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள். புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தக் கடற்கரையில் கிடையாது. ஆகவே அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் படுத்து, கேனானா நிக்கானா என்று யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடைக்காரர் நடுவில் உங்களைக் குழப்பப் பார்ப்பார். “இதெல்லாம் முடிஞ்சு போச்சு அண்ணாச்சி, இப்ப எல்லாரும் மிரர்லெஸ்தான் கேக்குதாவ” என்பார். அவர் சொல்வது சரிதான். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் கொண்டுவரவில்லை. அதனாலேயே நல்ல நிலையில் உள்ள பழைய கேமராக்களும் லென்ஸுகளும் மலிவாகக் கைமாறுகின்றன. கேனானின் இ.எஃப். லென்ஸ் பொருத்தி 1987-இல் வந்தது, நிக்கானின் எஃப் பொருத்தி 1959-இல் வந்தது. இத்தனை காலத்து லென்ஸுகளும் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. இந்தச் செய்தி காதில் விழுந்தால் மறந்துவிடுங்கள். புதுப்பெட்டி, புதுவாசனை, மாதத் தவணை. இவை மூன்றும் இருந்தால்தான் பீரோவுக்குள் வைக்கும்போது மனசு வலிக்கும்.

அப்படியும் பழைய லென்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. நிக்கான் டி3500 வாங்கிக்கொண்டு, யாரிடமும் விசாரிக்காமல் 50 எம்.எம். எஃப் 1.8 டி லென்ஸை வாங்கி மாட்டுங்கள். அந்தக் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அந்த லென்ஸுக்குள்ளும் கிடையாது. தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருக வேண்டும். ‘ஏ.எஃப்-எஸ்’ என்று எழுதிய லென்ஸ் கேட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. கேனான் பக்கம் இருப்பவருக்கும் குறை வைக்கவில்லை. 1500டி, 3000டி மாடல்களில் தலைமேல் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுப்புள்ளியையே கம்பெனி எடுத்துவிட்டது. வேறு கம்பெனிகளின் சாதாரண ஃபிளாஷ் எதை மாட்டினாலும் ஊமையாக உட்கார்ந்திருக்கும். ஃபிளாஷை வாங்கி, பில்லைத் தொலைத்து, மாட்டிப் பார்க்கும் வரிசையைக் கடைப்பிடித்தால் முழுப் பலனும் கிட்டும்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸை முதல்நாளிலிருந்தே இளக்காரமாகப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். “அது சும்மா கிட் லென்ஸ்” என்று சொல்லும்போது உதட்டைக் கொஞ்சம் சுழிக்க வேண்டும். பழைய துறைமுகத்தில் நிற்கும் தோணியின் அணியத்தையும் பாய்மரத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க 18 போதும் என்பதும், தோணித் தண்டலின் முகத்தை எடுக்க 55 போதும் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு லென்ஸை ஓராண்டு முழுக்க மாட்டியே வைத்திருந்தால், எங்கே நின்றால் எவ்வளவு விழும் என்று காலுக்கே பழகிவிடும். அது ஆபத்து. அடுத்த லென்ஸ் எது என்ற யோசனை எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குளிர்காலத்தில் உப்பளத்துக்கு வரும் பூநாரைக்கு 300 எம்.எம். போதாது, 600 வேண்டும். 600 வரும்வரை அந்தப் பக்கமே போவதில்லை என்று ஒரு வைராக்கியம் வையுங்கள்.

காத்திருப்பதில் இந்தக் கரைக்கு நல்ல முன்னனுபவம் உண்டு. பாண்டியன் காலத்திலிருந்து பேசப்படும் முத்துக்குளிப்பு, தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961-இல். அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம் என்று அன்று நினைத்தவர் இன்றும் எடுக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி நம் பக்கத்தில்தான் இருந்தது. பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அரண் போய், அலை அரித்து, இப்போது தண்ணீருக்கடியில் இருக்கிறது. அதை எடுக்க எந்த லென்ஸும் தேவையில்லை, செலவு மிச்சம். சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். சென்னை அரசாங்கத்தின் மீன்துறையில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் இந்தச் சங்குத் தொழிலைப் பற்றி 1914-இலேயே படங்களோடு ஒரு நூல் போட்டுவிட்டார். ஆட்டோஃபோகஸ் இல்லாத காலம். அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது.

துணைச் சாமான்கள் விஷயத்தில் ஒரே விதிதான்: விலை அதிகமாகவும் உபயோகம் குறைவாகவும் இருப்பதை வாங்குங்கள். ஏழு வண்ண ஃபில்டர் செட், கேமரா பெயர் பொறித்த தொப்பி, கழுத்தில் மாட்டினால் கல்யாண மாப்பிள்ளைத் தோரணை தரும் பட்டை, நாலு லென்ஸ் வைக்க அறை பிரித்த பெரிய பை. உள்ளே இருப்பது ஒரு லென்ஸ் என்றாலும் பை பெரிதாக இருக்கட்டும். இன்னொன்று, மூன்று ஆள் சேர்ந்து தூக்கும் ட்ரைபாட்.

வாங்கக்கூடாதவற்றின் பட்டியல்தான் சிறியது. ரப்பர் ஊதுகுழல், மைக்ரோஃபைபர் துணி, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஹூட், ஒரு உபரி பேட்டரி, சிலிகா ஜெல் பொட்டலங்கள், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா. எல்லாம் சேர்ந்தே ஒரு ஃபிளாஷின் விலை வராது. இவை கையில் இருந்தால் கேமரா ரொம்ப காலம் உழைக்கும் என்பதால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். சாதாரண யூ.வி. ஃபில்டரையும் இதில் சேர்க்கலாம். டிஜிட்டல் கேமராவின் சென்ஸாருக்கு முன்பே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு இருக்கிறது, தனியாக இதற்கு வேலை இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சரியாகவே சொல்வார்கள். ஆனால் உப்புச்சாரல் முகத்தில் அடிக்கும் நம்மூரில், லென்ஸுக்கு முன்னால் கழற்றித் துடைக்க ஒரு கண்ணாடி இருப்பது வேறு விஷயம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

இந்த ஊரின் சிறப்பே உப்புதான். குஜராத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிக உப்பு தமிழ்நாட்டில்தான் விளைகிறது, அதில் பெரும்பங்கு நம் மாவட்டத்தில். பாத்தியில் விளைவது போக மிச்சம் காற்றில் இருக்கிறது. சைக்கிள் செயினையும் ஜன்னல் கம்பியையும் தின்று முடித்துவிட்டு அடுத்து என்ன என்று காத்திருக்கிறது. ஆடிக்காற்றில் முத்துநகர் கடற்கரைக்குப் போங்கள். காற்றைப் பார்த்து நின்றுகொண்டு லென்ஸைக் கழற்றுங்கள். கேமராவின் வாய் மேலே பார்க்கட்டும், கழற்றிய லென்ஸை மணலில் வையுங்கள். நிதானமாக மற்ற லென்ஸைத் தேடுங்கள். (முதுகைக் காற்றுக்குக் காட்டி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, சட்டென்று மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைவிட, வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வந்து கடற்கரையில் தொடாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேராதீர்கள்.) சென்ஸாரில் விழுந்த தூசு உடனே தெரியாது. துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 16-இல் வானத்தை எடுக்கும்போதுதான் கரும்புள்ளியாக எட்டிப் பார்க்கும். அதைப் பறவை என்று சொல்லிச் சமாளிக்கலாம், ஒரே பறவை எல்லாப் படத்திலும் அதே இடத்தில் பறக்கிறதே என்று யாரும் கேட்காதவரை.

லென்ஸில் சாரல் பட்டால் வேட்டி நுனியால் அழுத்தித் துடைக்க வேண்டும். மணலும் உப்பும் கலந்து ஒரு நல்ல உப்புத்தாளாகவே வேலை செய்யும். முதலில் ஊதித் தூசைத் தள்ளிவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் துடைப்பது நேரம் பிடிக்கும். ட்ரைபாடைக் கடல்தண்ணீரில் ஊன்றினால் வீட்டுக்கு வந்ததும் காலைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுவதும் அப்படித்தான். விட்டுவிட்டால் அடுத்த மாதம் அது மடங்காது. ஒரேயடியாக விரிந்த நிலையில் துணி காயப்போட உதவும்.

இனி உப்பளம். அங்கே போவதென்றால் உச்சி வெயிலில் போங்கள். கேமராவை ஆட்டோவில் வையுங்கள். கேமராவின் ஒளிமானி உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்பிக்கொண்டு அளக்கிறது. எதிரே வெள்ளையாக அம்பாரம் அம்பாரமாக உப்பு நின்றால், ‘அம்மாடி, எவ்வளவு வெளிச்சம்’ என்று பயந்துபோய்க் குறைத்துவிடும். படத்தில் உப்பு சிமென்ட் குவியல் மாதிரி வரும். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி +1, +1.5 என்று ஏற்றினால் உப்பு உப்பாகிவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்று பெயர். புதிதாகக் கற்பவர் எதைக் கற்காவிட்டாலும் இந்த ஒன்றைக் கற்றால் போதும் என்பேன். அதனால் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே இருப்பது உத்தமம். பழுதான கேமரா என்று கடைக்காரரிடம் சண்டை போடவும் காரணம் கிடைக்கும்.

பாத்தித் தண்ணீரின் கூச்சத்தைக் குறைக்கப் போலரைசர் என்ற ஃபில்டர் உண்டு. திருகத் திருக, தண்ணீர்மேல் இருக்கும் பளபளப்பு அடங்கி அடித்தளம் தெரியும், வானம் அடர்ந்த நீலமாகும். வெயில் உங்கள் தோள்பக்கமாக, தொண்ணூறு டிகிரியில் இருந்தால் நன்றாக வேலை செய்யும். வெளிச்சத்தில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் தின்றுவிடும். உண்மையிலேயே நல்ல சாமான், காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் வாங்கியதை உப்பு வாரும் பெண்களிடம் காட்டி விளக்காதீர்கள். “கூச்சம் தெரியாம இருக்குமா தம்பி? அப்ப எங்க கண்ணுக்கு அதுல ஒண்ணு கெடைக்குமா?” என்று கேட்டுவிடுவார்கள். காலையிலிருந்து வெயிலும் உப்பும் சேர்ந்து அடிக்கிற வெளிச்சத்தில் வெறுங்கண்ணோடு நிற்பவர்கள் கேட்கும்போது, நாலாயிரம் ரூபாய்க் கண்ணாடியை லென்ஸுக்கு மாட்டியிருக்கும் ஆள் என்ன பதில் சொல்வது? அவர்களிடம் பேசாமல், பெயர் கேட்காமல், தூரத்திலிருந்து குனிந்த முதுகை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, ‘உழைப்பு’ என்று தலைப்பு வைப்பதே வழக்கம். போட்டிகளில் அதற்குத்தான் பரிசும் கிடைக்கிறது. எடுத்த படத்தை ஒரு பிரின்ட் போட்டு அடுத்தமுறை கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் கெட்ட பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிக் கொடுத்தவரை மறுமுறை அளத்தில் டீ குடிக்காமல் விடமாட்டார்கள், வேலை கெடும்.

துறைமுகத்துக்கு வருவோம். வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் என்ற உணர்ச்சியோடு பெரிய துறைமுகத்தின் வாசலுக்கு நேரே போய், கப்பலைப் பார்த்துக் கேமராவைத் தூக்குங்கள். 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம்தான். ஆனால் வாசலில் நிற்பவர்கள் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர். ‘படம் எடுக்கக்கூடாது’ என்ற பலகை உங்களைத் தவிர எல்லோர் கண்ணிலும் படும். அதற்கப்புறம் உங்கள் ஆதார், கேமரா, மெமரி கார்டு ஆகியவற்றை அவர்களோடு சேர்ந்து பார்வையிட ஒரு மத்தியானம் கிடைக்கும். அனுமதி வாங்கிப் போகலாம். அல்லது கேட்டை விட்டுவிட்டு, திரேஸ்புரம் கரையில் நாட்டுப்படகுகள் வந்து சேரும் இடத்துக்குப் போகலாம். அங்கே பலகையும் இல்லை, பாஸும் இல்லை. மீனை ஏலம் விடுகிறவரிடம் “எடுக்கலாமா அண்ணாச்சி” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் சரி. கேட்காமல் எடுத்தால் “என்னல, என்ன எடுக்க?” என்று வரும். தீவுகளுக்கும் இதே கதைதான். 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

திருவிழாக் காலத்தில் கேமராவைப் பீரோவை நோக்கி ஒரே தள்ளாகத் தள்ளிவிடலாம். குலசேகரப்பட்டினம் தசராவுக்குப் போங்கள். காளி, குரங்கு, ராஜா, போலீஸ் என்று வேஷம் கட்டிய பக்தர்கள் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வந்து முத்தாரம்மன் சன்னதியில் கூடுவார்கள். விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். லட்சக்கணக்கான தலைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கேமராவிலேயே எழும்பும் குட்டி ஃபிளாஷைத் தட்டிவிடுங்கள். அதன் வெளிச்சம் சில மீட்டர்தான் போகும். மகிஷாசுரன் இருட்டில் மறைந்துவிடுவான், உங்களுக்கு முன்னால் நிற்பவரின் வழுக்கை மட்டும் பளிச்சென்று வரும். ஃபிளாஷை மூடிவிட்டு, ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றி, அகலத் துவாரம் கொண்ட 50 எம்.எம். லென்ஸைப் போட்டு, இரவு வரை காத்திருக்காமல் மாலையிலேயே வேஷக்காரர்கள் முகத்தில் மை தீட்டும் இடத்துக்குப் போகிறவர்கள் நல்ல படத்தோடு திரும்புகிறார்கள். ஆகஸ்ட் 5-இல் பனிமய மாதா திருவிழாவிலும் இப்படித்தான். அதிலும் 2023-இல் போலத் தங்கத்தேர் ஓடும் ஆண்டென்றால், பொன்னின் மினுக்கத்தில் ஒளிமானி மறுபடியும் குழம்பும்.

இத்தனைக்கும் அசையாத கேமராவையும் சொந்தக்காரர்கள் அசைத்துவிடுவார்கள். சித்தி போன் செய்வார்: “ஏல, ஒங்கிட்டதான் பெரிய கேமரா இருக்குல்லா, காதுகுத்துக்கு எதுக்கு வெளிய ஆளு புடிக்கணும்?” மறுக்காதீர்கள். ஒரே பேட்டரியோடு போங்கள். நிக்கான் டி3500-இல் ஒரு சார்ஜுக்கு 1,550 படம் வரும் என்று கம்பெனி சொல்லும், கேனான் 1500டி-க்கு 500. திரையைப் பார்த்தபடியே எடுத்தால் இது கிடுகிடுவென்று குறையும். மொட்டை முடிந்து, ஆசாரி காதுப்பக்கம் கையைக் கொண்டுபோகும் நேரம் பார்த்துச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பந்தியில் உட்கார இடம் கிடைக்காது. படத்தில் “நான் எல்லாத்துலயும் கண்ண மூடியிருக்கேன்” என்று அத்தை சொல்வார். அன்று இரவு கேமரா பீரோவுக்குள் போய்விடும். வாழ்த்துகள்.

உள்ளே வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியைக் கழற்றாமல், தோல் உறைக்குள் போட்டு, கொஞ்சம் ஈரமுள்ள துண்டில் சுற்றி, ரசகற்பூர உருண்டை இரண்டைப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். இருட்டு, புழுக்கம், ஈரக்காற்று மூன்றும் கிடைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை தானே வளரும். சிலந்தி வலைபோல் கிளை கிளையாகப் படரும். கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும், அதன்பின் துடைத்தும் போகாது. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடுக்கிற கேமராவுக்கு இந்த பாக்கியம் கிடையாது.

கடைசிக் கட்டம் விற்பனை. ‘ஒரு கை பயன்படுத்தியது, குறைவாக ஓடியது’ என்று விளம்பரம் கொடுங்கள். இந்த வழிகாட்டியில் நீங்கள் சொல்லப்போகும் ஒரே சத்தியம் அதுதான்.

அந்த விளம்பரத்தைப் பார்க்கப்போகும் தம்பி, தங்கைகளுக்கு மட்டும் தனியாக ஒன்று. போகும்போது ஒரு டார்ச்சு கொண்டுபோங்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். வலை தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எஃப் 16-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஷட்டர் எத்தனை ஆயிரம் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். பேட்டரி மூடியைத் திறந்து பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பேரம் பேசி, கூடவே அந்தக் கிட் லென்ஸையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்புகின்றன, இரவு 9 மணிக்குள் திரும்பிவிடுகின்றன. ஏதாவது ஒரு நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.